வலப்பக்க விளக்கு

போவாடுவின் டாக்சியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்து ஃபுசெய்னியின் பட்டறை வாசலில் விட்டபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வண்டிப் பட்டறைகளே ஒரு பேட்டையாகிப்போன சுவாமே மேகசினில் தூறலே பெரிய தொல்லை. கூமாசி நகரத்து வண்டிகள் அத்தனையும் காலங்காலமாகச் சிந்திவைத்த ஆயிலும் செம்மண்ணும் ஒன்றாய்க் குழைந்து, நடக்கிறவன் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சேற்றில் கறுப்புத் துணி கட்டிய போவாடுவின் மனைவி அச்சியா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள்.

வண்டியின் இடப்பக்கம், டிரைவர் உட்காரும் பக்கம், பார்க்கிற நிலையில் இல்லை. யாரோ ஒரு பழைய கோணிப்பையை அதன்மேல் போட்டு மறைத்திருந்தார்கள். வலப்பக்கம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஆரஞ்சு நிற மட்கார்டு, முழுசாக ஒரு ஹெட்லைட், துடைத்து வைத்த கண்ணாடி. அந்தப் பக்கமிருந்து வருகிறவன் சவாரிக்குக் கை காட்டினாலும் காட்டுவான்.

"தங்கச்சி, நீ இங்க வந்திருக்க வேண்டாம்" என்றார் ஃபுசெய்னி. வடக்கேயிருந்து பிழைக்க வந்து, இந்த மேகசினிலேயே தலை நரைத்த எலக்ட்ரீஷியன். செத்துப்போன போவாடுவுக்கு வயது வித்தியாசம் பார்க்காத சிநேகிதர். "துக்கத்துல இருக்கிறவ பட்டறைக்கு வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"இப்ப மட்டும் பேசாமலா இருக்காங்க மாஸ்டர்? பேசி முடிச்சுட்டாங்க. நீங்க லைட்டைப் பாருங்க."

அவர்கள் பேசி முடித்தது இதுதான்: போவாடு குடித்துவிட்டு ஓட்டினான்.

ஒஃபின்சோ சாலையில், பொழுது சாய்கிற நேரத்தில், மரம் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றிருக்கிறது. அதன் டிரைவர், இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி, பச்சைக் கிளைகளை ஒடித்துச் சாலையில் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறான். கிளையைப் பார்த்தால் மெதுவாகப் போ, முன்னால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். முன்னால் போன வண்டிகள் எல்லாம் கிளையைப் பார்த்து ஒதுங்கிப் போயின. பயணிகளை இறக்கிவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு தனியாகத் திரும்பிய போவாடு மட்டும் கிளைகளின் மேலேயே ஏறிப்போய், கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்து, இடப்பக்கத்தைக் கொண்டுபோய் லாரியில் கொடுத்தான். வண்டிக்குள் ஒரு ஜின் பாட்டில் உடைந்து கிடந்தது. சவாரி டாக்சியில் யார் யாரோ ஏறுகிறார்கள், எதை எதையோ மறந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் போவாடுவின் சட்டையெல்லாம் ஜின் வாடை. அவனோ ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். சபையில் எல்லார் முன்னாலும் முழங்கால் போட்டு, இனித் தொடமாட்டேன் என்று சொல்லி விட்டவன். விட்டவன் விட்டபடியே இருந்தான் என்பது அச்சியாவுக்குத் தெரியும். ராத்திரி பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாத வாடையா? ஆனால் பொண்டாட்டி சாட்சியை யார் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவன் உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அடக்கம். குடித்துச் செத்தவனைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது, பாஸ்டர் ஜெபம் சொல்லக் கூடாது என்பது சபையின் சட்டம். சபை மூப்பர் வீட்டு வாசலில் அச்சியா தரையில் உட்கார்ந்து அழுதாள். "அவர் குடிக்கல ஐயா. லைட்டு மங்கல். டாக்சி ஆன நாளா மங்கல். கிளை கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. வண்டியைப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க" என்றாள். மூப்பர் அன்ட்வி நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குள் லைட் ஏன் மங்கல் என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஏனென்றால் போவாடுவின் வீட்டார் போலீஸ் ஸ்டேஷனுக்கே ஒரு ஃபிட்டரைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டார்கள். பல்பு புதுசு, பேட்டரி நல்ல பேட்டரி, டைனமோவில் குறையில்லை, இந்த லைட் மங்கலாக எரிய வழியே இல்லை என்று பட்டப்பகலில் பார்த்த அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அச்சியாவின் வீட்டு முற்றத்தில் ஃபூஃபூ இடிபட்டது. அவித்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டு, நெட்டை உலக்கையால் அவள் தம்பி யாவ் நின்றுகொண்டு குத்த, அச்சியா உட்கார்ந்து ஒவ்வொரு குத்துக்கும் இடையில் கையைவிட்டு மாவைப் புரட்டினாள். பழக்கமில்லாத இரண்டு பேர் செய்தால் விரல் போய்விடும். இவர்கள் சின்ன வயசிலிருந்து செய்கிறார்கள். உலக்கையைப் பார்க்காமலே அவள் கை போய்ப் போய் வந்தது.

யாவ் மேகசினில் ஸ்ப்ரே பெயின்டர். காரோ, லாரியோ, இரும்புக் கேட்டோ, அவன் கை பட்டால் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அக்காள் புருஷன் செத்ததிலிருந்து அவன் பாதியாக இளைத்துவிட்டான். மச்சானும் மச்சினனும் ஒரே தட்டில் கைவிட்டுத் தின்றவர்கள்.

"பெட்டி இன்னைக்கு தச்சன்கிட்டருந்து வந்துருச்சுக்கா" என்றான் குத்திக்கொண்டே. "நல்ல மரம். நாளைக்கு பெயின்ட்டை ஆரம்பிக்கிறேன்."

அப்பனுக்குச் சவப்பெட்டி போடுவது பிள்ளைகளின் கடமை. பிள்ளைகள் சின்னது என்றால் தாய்மாமன் போடவேண்டும். அச்சியாவுக்கு இரண்டும் பெண்கள். பெரியவள் பிராகோ, சின்னவள் ஃபோசுவா. இந்தப் பக்கம் பிள்ளைகள் தாய்வழி. அப்பன் வீட்டார் துக்கத்துக்கு வருவார்கள், அழுவார்கள், போவார்கள். அதற்குப் பிறகு சோறும் பள்ளிக்கூடமும் தாய்மாமன் பொறுப்பு. யாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பன் செத்த செய்தி வந்த அன்றே இரண்டு பெண்களின் பாயையும் தன் வீட்டில் விரித்துவிட்டான்.

முற்றத்துப் படலைத் தள்ளிக்கொண்டு கொனாடு வந்தாள். போவாடுவின் அக்காள். கறுப்பும் சிவப்பும் கட்டி, கண்ணெல்லாம் வீங்கிப்போய், ஆனால் வாய் மட்டும் வாடாமல்.

"என்னம்மா, பட்டறைக்குப் போனியாமே? என் தம்பி இன்னும் பனிக்கட்டியில கெடக்கான். நீ இங்க ஃபிட்டரோட பேச்சு."

"உக்காருங்க மதினி. அவரு பேருக்காகத்தான் போனேன்."

"பேரா? பேரை அவனே கெடுத்துக்கிட்டான். நான் தூக்கி வளர்த்த பய. குடியை விட்டுட்டேன்னு என் தலையில கை வச்சு சொன்னான். என்னையே ஏமாத்திட்டுப் போயிட்டான் பாரு." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவளுடைய கோபமெல்லாம் அச்சியா மேல் இல்லை, செத்தவன் மேல். செத்தவனைத் திட்ட முடியாமல் இருக்கிறவளைத் திட்டினாள்.

யாவ் உலக்கையை நிறுத்தினான். "அக்கா, அவரு குடிக்கல. பாட்டில் யாரோ விட்டுட்டுப் போனது. ஞாயித்துக்கிழமை பாருங்க, நாங்க காட்டுறோம். அந்த லைட்டை நானே ஓட்டிப் பார்த்திருக்கேன். மெழுகுவத்தி தேவலை."

"காட்டினா நான் உன் காலைக் கழுவுறேன்டா" என்றாள் கொனாடு. கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அப்படியே நடந்துவிடாதா என்ற ஆசையும் அந்தக் குரலில் இருந்தது. ஒரு உருண்டை ஃபூஃபூவும் கடலைச் சாறும் வாங்கி, தின்றுவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்து இறங்கிற்று. பட்டறைத் தகரத்தின்மேல் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்கவில்லை. ஃபுசெய்னி வாசலில் தார்ப்பாயை இறக்கிவிட்டார். உள்ளே நல்ல இருட்டு. லைட் பார்க்க அதுதான் தோது.

"போடு" என்றார். அச்சியா நொறுங்கிய கதவு வழியாகக் கையைவிட்டு, கோணிப்பைக்கு அடியில் துழாவி, சுவிட்சைத் திருப்பினாள். புருஷன் உட்கார்ந்திருந்த இடம். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தாள்.

வலப்பக்க விளக்கு எரிந்தது. எதிரே தகரச் சுவரில் மஞ்சளாக, பழுத்த பப்பாளி மாதிரி ஒரு வட்டம். அவ்வளவுதான்.

"பாருங்க, பாருங்க மாஸ்டர்! நான் சொல்லல?" அச்சியாவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. மூன்று வாரமாக ஊரே அவளைப் பொய்க்காரியாக்கி வைத்திருந்தது. இப்போது சுவரில் அவள் சொன்னது தெரிந்தது.

"தெரியுது. ஏன்னு பாக்கணும். மங்கல்னு சொன்னா மட்டும் பத்தாது, பேட்டரி இறங்கிருச்சும்பாங்க." ஃபுசெய்னி மீட்டரை எடுத்தார். "அந்த ஃபிட்டர் சொன்னது பொய்யில்ல. பேட்டரி நல்லாருக்கு. பல்பு நான் போட்டதுதான். உன் புருஷன் எத்தனை தடவை வந்தான் தெரியுமா? டாக்சியாக்கினதுலருந்து வந்தான். 'மாஸ்டர், எதிர்ல வர்றவன் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறான், உன் லைட்டு எரியலடான்னு. எரியுதுப்பா, கொஞ்சம் வெக்கப்படுதுன்னு நான் கையைக் காட்டிட்டுப் போறேன்'ம்பான். பல்பு மாத்தினேன். கண்ணாடியைத் தேய்ச்சுக் கொடுத்தேன். சவாரி காத்துக்கிட்டு இருக்கு, திங்கக்கிழமை வண்டியை விட்டுட்டுப் போறேன்னு ஓடிருவான். அந்தத் திங்கக்கிழமை வரவே இல்ல."

பேசிக்கொண்டே அவர் விளக்கின் பின்னால் கையைவிட்டார். கரண்ட் போகிற வயரில் மீட்டரை வைத்தார். சரியாக இருந்தது. திரும்பி வருகிற வயரில் வைத்தார். உதட்டைக் கடித்தார். மறுபடியும் வைத்தார்.

"என்ன மாஸ்டர்?"

"போற வழி நல்லாருக்கு. வர்ற வழிதான் அடைச்சிருக்கு. எர்த்து கிடைக்கல." ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் பின்னாலும் இன்னொரு முனையை நேராகப் பேட்டரியிலும் வைத்தார்.

பட்டறை முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. தகரச் சுவரின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. அச்சியா கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். அவர் வயரை எடுத்தார்; மறுபடியும் பப்பாளி. வைத்தார், வெளிச்சம்.

"இந்த ஒரு வயர் சரியா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு விளக்குகளின் எர்த்து வயரும் பேட்டரிக்குப் பக்கத்தில், வலப்பக்க மட்கார்டின் உள்பக்கம், ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்தன. ஃபுசெய்னி அதை முன்பே பலமுறை பார்த்திருக்கிறார். இழுத்துப் பார்த்திருக்கிறார். இறுக்கமாக இருந்தது, விட்டுவிட்டார். இப்போது ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினார். போல்ட் வந்தது. வயரின் முனை வந்தது. அதற்கடியில் இரும்பு தெரியவில்லை. வழுவழுவென்று, தடிமனாக, அழகாக, ஆரஞ்சு பெயின்ட் இருந்தது.

டாக்சி என்றால் நாலு மூலையும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். அது சர்க்கார் சட்டம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வைத்திருந்த பழைய காரை வாங்கி போவாடு டாக்சியாக்கியபோது நாலு மட்கார்டுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. அடிப்பவன் விளக்கையும் வயரையும் கழற்றுவான். அந்த போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டிவிட்டு அடிப்பான், பெயின்ட் பட்டால் கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பாது, இரும்பு இரும்பாகவே இருக்க வேண்டும் என்று. அவசரக்காரன் உள்பக்கத்தை அடிக்கவே மாட்டான், வெளியே மினுக்கினால் போதும் என்று விட்டுவிடுவான். அவன் விட்ட வண்டிகூட ஒழுங்காக எரியும். இந்த வண்டியை அடித்தவன் இரண்டும் செய்யவில்லை. ஒரு நகக்கண் அளவு இரும்பைக்கூடத் துருவுக்கு விட மனமில்லாமல், யாரும் பார்க்காத உள்பக்கத்துக்கும் இரண்டு கோட்டு கொடுத்து, காயவைத்து, அதன்மேல் வயரை வைத்து இறுக்கியிருந்தான். போல்ட்டின் மரை மட்டும் எங்கோ ஒரு ஓரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால் விளக்கு அணையாமல் மங்கலாக எரிந்திருக்கிறது.

அந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்தது யார் என்று மேகசினில் எல்லாருக்கும் தெரியும். போவாடுவே சொல்லிச் சொல்லித் திரிந்தான்: என் மச்சினன் அடிச்சது, முகம் பாரு.

அச்சியா அந்த ஆரஞ்சு வட்டத்தில் விரலை வைத்தாள். பிறகு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனாள்.

யாவின் கொட்டகை இரண்டு சந்து தள்ளி. சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனாள். புருஷன் பேரில் அழுக்கு இல்லை, இதோ காரணம், இதைச் சொன்னால் அவர் கோயிலுக்குள் போவார். தம்பியிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பாதி வழி வரை அவளுக்கு அதுதான் தெரிந்தது. மீதி வழியில் மற்றது தெரிய ஆரம்பித்தது.

கொட்டகைக்குள் பெட்டி இரண்டு முக்காலிகளின் மேல் இருந்தது. யாவ் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட உடுப்போடு பிராகோவும் ஃபோசுவாவும் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து வறுத்த வாழைப்பழம் தின்றார்கள்.

"என்னக்கா, நனைஞ்சுட்டு வர்ற? மாஸ்டர் என்ன சொன்னாரு? கண்டுபிடிச்சாச்சா?" அவன் முகத்துணியை இறக்கினான். மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு ஆவல் இருந்தது.

"பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

"பழைய வண்டிக்கா. உள்ள வயரெல்லாம் மக்கியிருக்கும். பாடியை மட்டும் எவனும் குறை சொல்ல முடியாது. நான் அவருகிட்ட சொன்னேன், மச்சான், மத்தவனுக்கு வெளிய அடிப்பேன், உனக்கு உள்ளயும் அடிச்சிருக்கேன், என் சாவு வரைக்கும் துரு பிடிக்காதுன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'அப்ப நீ சீக்கிரம் செத்துராதடா'ன்னு சிரிச்சாரு." யாவும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். ஃபோசுவா எழுந்து வந்து, எண்ணெய் பிசுக்குக் கையால் மாமன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அச்சியா பார்த்துக்கொண்டு நின்றாள். இவனிடம் இதைச் சொன்னால் இவன் இருக்க மாட்டான். போலீஸுக்குப் பயந்தோ, கொனாடுவின் வாய்க்குப் பயந்தோ அல்ல. தானாகவே இருக்க மாட்டான். பெயின்ட்டில் கலக்கும் தின்னரைக் குடிப்பானோ, ஊரைவிட்டு ஓடுவானோ, சும்மா படுத்துச் சாவானோ, எப்படியோ ஒன்று. செத்தவனை ஒரு தடவைதான் சாகடிக்க முடியும். இவனை இன்றைக்குக்கூடச் சாகடிக்கலாம். அதற்குப் பிறகு இந்த இரண்டு பெண்களுக்கு யார்?

"வீட்டுக்குப் போகும்போது பிள்ளைங்க தலையில துணி போட்டுக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பட்டறையில் ஃபுசெய்னி அப்படியே உட்கார்ந்திருந்தார். போல்ட் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"மாஸ்டர், அதைச் சுரண்டிருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, சுரண்டினா லைட்டு நல்லா எரியும்."

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை அவங்க வந்து பாப்பாங்க. நல்லா எரியிற லைட்டைத்தான் பாப்பாங்க. புரியுதா உனக்கு?"

"புரியுது."

"வேற ஏதாவது சொல்லலாம். துரு பிடிச்சிருச்சுன்னு சொல்றேன். இல்ல, நான்தான் சரியா மாட்டலைன்னு சொல்லிர்றேன். கெழவன், நாலு நாள் திட்டுவாங்க."

"நீங்க எதைச் சொன்னாலும் எங்கன்னு கேப்பாங்க. கழட்டிக் காட்டுன்னு அவனே கேப்பான், யாவ். அவன் பெயின்ட்டை அவனுக்குத் தெரியாதா?"

ஃபுசெய்னி போல்ட்டை உள்ளங்கையில் புரட்டினார். மழை விட்டிருந்தது. வெளியே யாரோ தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"போவாடு என் சிநேகிதன்மா" என்றார்.

"என் புருஷன் மாஸ்டர்."

அவர் உப்புத்தாளை எடுத்தார். ஆரஞ்சுத் தூள் அவர் முழங்காலில் உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை இரும்பு தெரிந்தது. வயரை வைத்து இறுக்கினார். அச்சியா அந்தத் தூளைத் தன் துணியாலேயே துடைத்துத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேகசின் வெறிச்சோடிக் கிடந்தது. மூப்பர் அன்ட்வி வெள்ளை உடுப்போடு, சேற்றில் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கொனாடு தன் வீட்டு ஆட்களோடு வந்தாள். யாவ் எல்லாருக்கும் முன்பே வந்து, தார்ப்பாயை அவனே இறக்கி, ஓட்டைகளைத் துணியால் அடைத்து, பட்டறையை இருட்டாக்கி வைத்திருந்தான்.

"ஐயா, இங்க நில்லுங்க. இங்கிருந்து பாத்தாத்தான் தெரியும். கிளை இல்ல, ஆளே நின்னாலும் தெரியாது, பாருங்க" என்று மூப்பரின் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு தானே போய்ச் சுவிட்சைத் திருப்பினான்.

சுவரில் வெளிச்சம் பளீரென்று அடித்தது. மூப்பரின் நிழல் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நின்றது.

யாவ் சுவிட்சை அணைத்தான். மறுபடி போட்டான். மறுபடி பளீர்.

"இல்ல. இது இப்படி இல்ல" என்றான். "மாஸ்டர், என்ன செஞ்சீங்க இதுக்கு?"

ஃபுசெய்னி தரையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் செய்யலப்பா."

"பொய் சொல்றீங்க. எல்லாரும் பொய் சொல்றீங்க. அக்கா! நீ சொல்லு. எத்தனை ராத்திரி வீட்ல வந்து சொன்னாரு? கண்ணு எரியுது, ரோடு தெரியலன்னு உன்கிட்ட சொன்னாரா இல்லையா? சொல்லுக்கா!"

மூப்பர் அச்சியாவின் பக்கம் வந்தார். அந்த மனுஷருக்கு இல்லை என்று சொல்ல விருப்பமில்லை. ஒரு சின்னக் காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தார். "சொல்லும்மா. நீதானே மங்கல்னு என்கிட்ட சொன்ன? எது இருந்தாலும் சொல்லு. நான் கேக்குறேன்."

அச்சியா தம்பியைப் பார்த்தாள். அவன் கண் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. தன் கழுத்தில் விழவேண்டிய கயிற்றைக் கொடு கொடு என்று கெஞ்சுகிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"லைட்டு நல்லாத்தான் இருந்துச்சு ஐயா" என்றாள். "என் புருஷனைக் காப்பாத்த நான்தான் பொய் சொன்னேன்."

கொனாடு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காட்டிவிடுவார்கள் என்று அவளும் ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். மூப்பர் மெதுவாகத் தலையாட்டினார். அச்சியாவின் தோளைத் தொட்டுவிட்டு, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை போவாடுவைக் கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. அவன் வீட்டு முற்றத்திலிருந்தே எடுத்தார்கள். பாஸ்டர் இல்லை, சபைப் பாட்டுக்காரர்கள் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதி காலியாகக் கிடந்தன. டாக்சி ஸ்டாண்டிலிருந்து சில டிரைவர்கள் மட்டும் சிவப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு வந்து, ஹாரன் அடித்து வழியனுப்பினார்கள். பிள்ளைகளின் பெயரால் பெட்டி வந்து இறங்கியபோது கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. வெண்மையில் பொன் கரை போட்டு, மூலைக்கு மூலை இழைத்து, வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. குடிகாரனுக்கு இப்படியொரு பெட்டியா என்று யாரோ பின்னால் சொன்னது அச்சியாவின் காதில் விழுந்தது. யாவ் முன்பக்கத்தில் தோள் கொடுத்துத் தூக்கினான். அவளைத் தாண்டித்தான் போனான். அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்கடுத்த வாரம் யாவ் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அவர்களுடைய துணிமணிகளை எடுத்துப்போக வந்தான். படலுக்கு வெளியிலேயே நின்றான். அச்சியா ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"சாப்பிட்டுப் போ. மீன் வறுத்திருக்கேன்."

"வேண்டாம்."

"யாவ்..."

"நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்" என்றான் எங்கோ பார்த்துக்கொண்டு. "அந்த லைட்டு எப்படி எரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. மாஸ்டர் ஏதோ பண்ணிட்டாரு, எதுக்குப் பண்ணினாருன்னு தெரியல. அது போகட்டும். நீ சொல்லியிருக்கலாமேக்கா. ஒரு வார்த்தை. மங்கல்தான்னு ஒரே ஒரு வார்த்தை. அவரு குடிக்கலன்னு உனக்குத் தெரியாதா? கூடப் படுத்தவளுக்கே அவருக்காகப் பேச வாய் வரலன்னா..." அவன் முடிக்கவில்லை. "பிள்ளைங்களைப் பத்தி நீ கவலைப்படாத. படிக்க வைக்கிறேன், கட்டிக் கொடுக்கிறேன். அது என் வேலை. ஆனா உன் கையால சோறு இனி எனக்கு இறங்காது. நீயும் என் வீட்டுப் பக்கம் வராத. பிள்ளைங்களை ஞாயித்துக்கிழமை நான் இங்க அனுப்புறேன்."

அச்சியாவுக்கு அப்போதும் வாய்க்குள் அந்த ஆரஞ்சு வட்டம் இருந்தது. துப்பிவிட்டால் தம்பி காலில் விழுவான். ஒரு நாள் அழுவான். அடுத்த நாள் இருக்க மாட்டான்.

"சரி" என்றாள்.

உள்ளேபோய் மூட்டையைக் கட்டி எடுத்துவந்தாள். பிராகோ அதைத் தலையில் வாங்கிக்கொண்டாள். சின்னவள் மாமன் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதைத் திரும்பக் கேட்டாள். "மாமா, அப்பா குடிச்சிட்டுத்தான் செத்தாரா?"

யாவ் மண்ணில் மண்டியிட்டு அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"உங்கப்பா குடிக்கல. கேட்டுக்கோ. ஒரு சொட்டு குடிக்கல. யாரு சொன்னாலும் நம்பாத." படலின் பக்கம் பார்க்காமலே சேர்த்துச் சொன்னான். "உங்கம்மா சொன்னாலும் நம்பாத."

ஃபோசுவா அம்மாவைப் பார்த்தாள். அச்சியா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மூன்று பேரும் சேற்றைத் தாண்டித் தாண்டிச் சந்து முனைக்குப் போகிறவரை அவள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, ஆறிப்போன மீனை மூடி வைத்தாள்.